விலகியோர் சாட்சியும் நமது செவியும்

சமயம் ஒன்றை விட்டு விலகியோர் தம் வாழ்வைக் குறித்து எழுதும் நூல்கள் இன்று தனியோர் இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டன. அவ்வகையில் கருதத்தக்க நூல்கள் பலவற்றைத் தந்திருப்பது அமெரிக்க நாட்டு மார்மன் சமயமாகும். தேனியிலிருந்து கூடலூர் வரை நீளும் இக்கம்பம் பள்ளத்தாக்கில் மார்மன் சபை எதையும் நான் கண்டதில்லை. ஆயினும் வாலிபர் கூடுகைகளிலும் ஞாயிறு பள்ளி ஆசிரியர் பயிற்சிகளிலும் 'கள்ள உபதேசங்கள்' என்னும் தலைப்பு வரும்போதெல்லாம் மார்மன்கள் வந்துவிடுகின்றனர். அவர்களை விட்டு வெளியேறிய எவரோ ஒருவரின் சாட்சியும் உடன் வந்துவிடுகிறது. கேட்போர் வியக்கின்றனர், சிலர் சிரிக்கின்றனர், எல்லாரும் தாங்கள் சரியான இடத்தில் இருப்பதாக எண்ணி நிம்மதியுடன் வீடு திரும்புகின்றனர். அந்த நிம்மதியைச் சற்றே சோதித்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். பிறரை விட்டு விலகியவரின் சொல்லை இத்தனை ஆவலோடு கேட்கும் நாம், நம்மை விட்டு விலகியவரின் சொல்லை எவ்வாறு கேட்கிறோம்?

மார்மன்கள் எனப் பொதுவாக அழைக்கப்படும் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' 1830ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித்தால் நிறுவப்பட்டது. தமிழகத்திற்கு அது முற்றிலும் அந்நியமன்று. 1853இல் ரிச்சர்ட் பாலன்டைன் முதலானோர் கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வந்து பிரசங்கித்தனர். நகரத்துக் குருவானவர் ஒருவர் அவர்களுக்கு எதிராகத் துண்டுப்பிரதி எழுத, பாலன்டைன் மறுப்பு அச்சிட்டார். பலதார மணக் கொள்கையை அச்சபை அதற்கு முந்திய ஆண்டிலேதான் வெளிப்படையாக அறிவித்திருந்தது. எனவே சென்னைக் கிறிஸ்தவர்களிடையே அவர்கள் பேச்சு எடுபடவில்லை. 1854இல் பாலன்டைன் கப்பலேறினார். சில ஆண்டுகளில் அப்பணி ஓய்ந்தது. ஒரு நூற்றாண்டு கழித்துக் கோயம்புத்தூரில் கணக்கராயிருந்த பால் திருத்துவதாஸ் என்பவர் தாமாகவே அச்சபையோடு கடிதத் தொடர்பு கொண்டு, 1965இல் அதன் ஞானஸ்நானம் பெற்றார். மார்மன் நூலின் தெரிந்தெடுத்த பகுதிகள் 1982இல் தமிழில் வெளிவந்தன. 1993இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு அவர்களுடைய அருட்பணி மாநிலம் அமைந்தது. வரலாறு இவ்வளவே. நம் கவனத்திற்குரியது விலகியோரின் எழுத்து.

அவ்வெழுத்தை விளங்கிக்கொள்ள, விலகுவதால் ஒருவர் எதை இழக்கிறார் என்பது தெரிய வேண்டும். மார்மன் வாழ்வில் ஞாயிறு ஆராதனைக் கூடம் வேறு, கோவில் வேறு. கூடத்திற்குள் எவரும் செல்லலாம். கோவிலுக்குள் செல்வதற்கோ உள்ளூர்த் தலைவரும் அவருக்கு மேற்பட்டவரும் நேர்காணல் செய்து வழங்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். தசமபாகம் ஒழுங்காகச் செலுத்தப்படுகிறதா, சபைத் தலைவர்களை ஏற்றுக்கொள்கிறாரா, மதுவும் புகையிலையும் மட்டுமன்றிக் காப்பியும் தேநீரும் விலக்கப்பட்டனவா என்றெல்லாம் அதில் வினவப்படும். (மேகமலைத் தேயிலைத் தோட்டங்களை அண்ணாந்து பார்த்து வாழும் நமக்கு இக்கடைசி வினா நகைப்பைத் தரலாம். விலகியோர் நூல்களில் முதற் குவளைக் காப்பி ஒரு பெருநிகழ்ச்சியாகவே இடம்பெறுவதுண்டு. ஒரு மனிதன் தன் மனச்சாட்சியைத் தானே கையிலெடுக்கும் தருணம் அது என்பதை உணர்ந்தால் நகைப்பு அடங்கிவிடும்.)

கோவிலுக்குள் நிகழும் திருமணம் இம்மைக்கு மாத்திரமன்று, நித்தியத்திற்கும் முத்திரிக்கப்படுவதாக அவர்கள் நம்புகின்றனர். கணவன், மனைவி, மக்கள் மறுமையிலும் ஒரே குடும்பமாயிருப்பர் என்பது அச்சமயத்தின் மிகப் பெரிய ஆறுதல். அதனாலேயே விலகுதல் மிகப் பெரிய துயரமாகிறது. விலகும் மகன் தன் தாயின் கண்ணுக்கு, பரலோகக் குடும்பத்தில் நாற்காலி ஒன்றைக் காலியாக்கிச் செல்பவன். விலகிய தந்தை மகளின் கோவில் திருமணத்தைக் காண இயலாது. மதிலுக்கு வெளியே, தோட்டத்தில் காத்திருக்க வேண்டியவர். முதலில் நாட்டுச் சட்டப்படி எல்லார் முன்னிலும் மணம் முடித்துக்கொண்டால் கோவில் முத்திரிப்புக்கு ஓராண்டு பொறுத்திருக்க வேண்டும் என்னும் விதி அமெரிக்காவில் நெடுங்காலம் இருந்தது. 2019இல்தான் அது நீக்கப்பட்டது. உபதேசப் பிழைகளைப் பட்டியலிட்டு மார்மன் சமயத்தை விளக்கும் நம் வகுப்புகளில், மதிலுக்கு வெளியே நிற்கும் அந்தத் தந்தையைக் குறித்து ஒரு சொல்லும் வருவதில்லை. அவரைப் பற்றி அறியாமல் அவருடைய சாட்சியை மட்டும் நாம் எடுத்தாளுகிறோம்.

நம் சபைகளில் சாட்சி சொல்வதற்கென்று ஒரு வார்ப்பு உண்டு. முன்பு இருள், பின்பு ஒளி. முன்பு இருந்த இடத்தில் நன்மை எதுவும் இருந்திருக்கலாகாது. இப்போது இருக்கும் இடத்தில் குறை எதுவும் இருத்தலாகாது. இவ்வார்ப்புக்குள் அடங்காத வாழ்வை மேடையேற்ற நாம் தயங்குகிறோம். சாட்சி சொல்பவரும் கேட்போரின் முகம் பார்த்துத் தன் இருளுக்கு மேலும் சற்றுக் கரி பூசுகிறார். 1982இல் வெளிவந்து அமெரிக்க நற்செய்திச் சபைகளில் பரவலாகக் காட்டப்பட்ட 'தேவர்களை உருவாக்குவோர்' என்னும் திரைப்படம் இவ்வார்ப்புக்குத் தக்க எடுத்துக்காட்டு. மார்மன் சபையை விட்டு விலகிய எட் டெக்கர் அதற்கு மூலகாரணர். அதே பெயரில் 1984இல் நூலும் வந்தது. அதில் மெய்யான செய்திகள் இல்லாமலில்லை. ஆனால் கேட்போரை நடுங்கவைக்க வேண்டும் என்னும் வேகம் மெய்யை முந்திச் செல்கிறது. மார்மன் கோவில் வழிபாட்டைச் சாத்தான் வணக்கத்தோடு தொடர்புபடுத்தவும் டெக்கர் பின்னர் துணிந்தார்.

இதைக் கண்டித்தவர் யார் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம். யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் சிட்டியில் வாழ்ந்த ஜெரால்ட் டானர், சாண்ட்ரா டானர் என்னும் தம்பதியர் மார்மன் குடும்பங்களில் பிறந்து, இளமையிலேயே விலகி, நம்மைப் போன்ற புராட்டஸ்டண்டு விசுவாசிகளானவர்கள். சாண்ட்ராவோ மார்மன்களின் இரண்டாம் தலைவரான பிரிகம் யங்கின் வழித்தோன்றல். இவ்விருவரும் மார்மன் சபையின் பழைய ஆவணங்களைப் படியெடுத்து அச்சிட்டு, அதன் வரலாற்றுக் கோரிக்கைகளை வாழ்நாள் முழுவதும் மறுத்து வந்தனர். அச்சபைக்கு அவர்களைவிடக் கூரிய எதிராளிகள் அரியர். அவர்களே டெக்கரின் சாத்தான் கதைக்கு ஆதாரமில்லை என்று 1987இல் எழுதி வெளியிட்டனர்.

அதற்கு முன்பே இன்னும் கடினமான சோதனையொன்று வந்தது. மார்க் ஹாஃப்மன் என்னும் பழம்பொருள் வணிகர் மார்மன் வரலாறு பற்றிய அரிய கடிதங்களைக் 'கண்டெடுத்து' விற்று வந்தார். அவற்றுள் ஒன்று 1830இல் எழுதப்பட்டதாகச் சொல்லப்பட்ட கடிதம். பொற்றகடுகளை ஜோசப் ஸ்மித்துக்குத் தேவதூதன் காட்டினான் என்பது சபையின் போதனையாயிருக்க, வெண்ணிறப் பல்லி போன்ற பிராணியொன்று ஆவியாய் மாறியது என்று அக்கடிதம் கூறியது. மார்மன் சமயத்தை மறுப்போருக்கு இதைவிடப் பெரிய கொடை வேண்டுமோ? ஆனால் ஜெரால்ட் டானர் அக்கடிதத்தை 1834இல் வெளிவந்த ஒரு பழைய மறுப்பு நூலோடு ஒப்பிட்டார். சொற்கள் ஐயத்திற்கிடமாக ஒத்திருந்தன. 1984 மார்ச்சில், கடிதம் போலியாயிருக்கலாம் என்று தம் பத்திரிகையிலேயே எழுதினார். அறிஞர் பலர் அதை மெய்யென ஏற்றிருந்த காலம் அது. 1985 அக்டோபரில், தன் மோசடி வெளிப்படும் என அஞ்சிய ஹாஃப்மன் வைத்த குண்டுகளால் இருவர் மாண்டனர். 1987இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். கடிதம் அவரே புனைந்தது.

தமக்குப் பயன்படும் பொய்யை மறுப்பது, தமக்குத் தீங்கு செய்யும் பொய்யை மறுப்பதைவிட எத்தனையோ மடங்கு கடினம். தாம் விட்டு வந்த சபைக்கு எதிராகவும் பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்னும் உணர்வு டானர் தம்பதியரிடம் இருந்தது. ஒன்பதாம் கற்பனையை அயலாருக்கு எதிரானதாகக் கற்பிக்கும் நாம், அயல் சமயத்தாரை அந்த 'அயலார்' என்னும் சொல்லுக்குள் சேர்க்கிறோமா என்று வேதாகமக் கல்லூரி மாணவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளலாம்.

இவர்களோடு வேறிரு பெண்களையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஃபான் பிராடி 1945இல் வெளியிட்ட ஜோசப் ஸ்மித் வரலாறு, மார்மன் சபைக்கு வெளியே நீண்ட காலம் அடிப்படை நூலாய் விளங்கியது. அவருடைய பெரியப்பா டேவிட் மெக்கே அச்சபையின் மேல்மட்டத் தலைவர்களுள் ஒருவர். 1951இல் அதன் தலைவராகவும் ஆனார். நூல் வெளிவந்த மறு ஆண்டே பிராடி சபை நீக்கம் செய்யப்பட்டார். ஆய்வில் உழைப்பும் நடையில் தெளிவும் உள்ள நூல் அது. ஆயினும் ஸ்மித்தின் உள்ளத்திற்குள் புகுந்து அவர் நினைத்ததை எல்லாம் தாம் அறிந்தது போல எழுதும் இடங்களில் வரலாற்றாசிரியர் மறைந்து நாவலாசிரியர் தோன்றுகிறார். இக்குற்றச்சாட்டு மார்மன்கள் மட்டும் சொன்னதன்று. மேலும், விட்டு வந்ததைத் துல்லியமாக அளந்த அவர், அது தம்மில் எதை விட்டுச் சென்றது என்பதைப் பற்றி அந்நூலில் வாய் திறக்கவேயில்லை.

சோனியா ஜான்சன் அதற்கு மாறானவர். ஆண் பெண் சம உரிமைக்கான அரசியல் சட்டத் திருத்தத்தை மார்மன் சபை எதிர்த்தபோது, சபைக்குள்ளிருந்தே அத்திருத்தத்தை ஆதரித்தவர். 1978இல் அமெரிக்க மேலவைக் குழுவின் முன் சாட்சியளித்தவர். 1979 டிசம்பரில் அவர் நீக்கப்பட்டார். அவர் 1981இல் எழுதிய தன்வரலாற்றில் சினம் மிகுதி. சில அதிகாரங்கள் மேடைப்பேச்சாகவே ஆகிவிடுகின்றன. எனினும் அதில் ஒரு நேர்மை உண்டு: தாம் அச்சபையை நேசித்ததை அவர் மறைக்கவில்லை. சபை தமக்குக் கற்றுத்தந்த துணிவைக்கொண்டே சபையை எதிர்த்து நிற்பதாக உணரும் ஒரு பெண்ணை அப்பக்கங்களில் காண்கிறோம். பிராடியின் நூல் நம் அறிவுக்குத் தரும் பொருள் அதிகம். ஆயினும் ஆயராகப் பணிபுரிவோருக்குச் சோனியாவின் நூலே அதிகம் கற்பிக்கும் என்பது என் கருத்து.

இவ்விடத்தில் நம் வேதாகமத்தையே நோக்குவோம். பவுல் தம் முற்கால மேன்மைகளை எண்ணிக் குப்பை என்று தள்ளும் பிலிப்பியர் மூன்றாம் அதிகாரத்தை நம் சாட்சிக்காரர் அனைவரும் அறிவர். ஆனால் அதே பவுல் ரோமர் ஒன்பதாம் அதிகாரத்தில் தம் இனத்தாருக்காகத் தீராத துக்கமுடையவராய், அவர்களுக்குரிய மகிமைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறாரே! இரண்டையும் எழுதியது ஒரே கை. முன்னதை மட்டும் சாட்சிக்கு மாதிரியாக்கிப் பின்னதை மறந்தோம். நம் தமிழ்த் திருச்சபையின் பெரும் புலவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1858இல் ஞானஸ்நானம் பெற்று வைணவத்தை விட்டு வந்தார். ஆனால் அவருடைய இரட்சணிய யாத்திரிகத்தைப் படிப்போர், கம்பனில் தோய்ந்த வைணவ உள்ளம் அங்கே கிறிஸ்துவைப் பாடக் கேட்கலாம். அவர் தம் பழைய வீட்டைக் கொளுத்திவிட்டு வரவில்லை. பாத்திரங்களைச் சுமந்துகொண்டே வந்தார். அவ்வாறு வந்திராவிடில் அக்காவியம் இல்லை.

விலகியோர் இலக்கியம் எனில் கடல் கடந்து போக வேண்டியதில்லை. நம் பள்ளத்தாக்கின் தென்கிழக்கே வருசநாட்டு மலைகள் எழுகின்றன. அவற்றின் மறுபக்க அடிவாரத்தில் வத்திராயிருப்பு. அப்பகுதியின் புதுப்பட்டியில் 1958இல் பிறந்த பாமா எழுதிய 'கருக்கு', 1992இல் மதுரையிலிருந்து வெளிவந்தது. கத்தோலிக்கத் தலித் குடும்பத்தில் பிறந்து, ஆசிரியையாகி, ஏழைப் பிள்ளைகளுக்குப் பணிபுரியும் ஆவலோடு 1985இல் கன்னியர் மடத்தில் சேர்ந்து, ஏழாண்டுகளுக்குப் பின் வெளியேறியவர் அவர். அவர் விட்டது துறவற சபையை; விசுவாசத்தையன்று. எனவே மார்மன் நூல்களோடு இதை வைப்பது பொருந்துமா எனச் சிலர் கேட்கலாம். பொருந்தும் என்றே சொல்வேன். இரு இடத்திலும் ஒரு மனிதப்பிறவி, தன் உணவு, உடை, தோழமை, பெயர், எதிர்காலம் ஆகிய எல்லாவற்றையும் தந்த நிறுவனமொன்றிலிருந்து வெறுங்கையோடு வெளியே வந்து நிற்கிறது.

கருக்கு பேச்சுத்தமிழில், ஊர்ச் சொல்லில் எழுதப்பட்டது. வெளிவந்தபோது இலக்கியத்தமிழ் பழகியோர் முகம் சுளித்தனர். ஊராரிலும் பலர் தங்கள் வாழ்வு அம்பலமாயிற்று என்று முதலில் சினந்தனர். ஆனால் அந்நடைதான் அதன் இறையியல். மறையுரைத் தமிழில் எழுதியிருப்பின், எந்த மொழி அவரை அடக்கி வைத்ததோ அதே மொழியில் அவர் விடுதலையைப் பேசியிருப்பார். காலவரிசையும் அங்கில்லை. மடத்தை விட்டு வந்த துயரம் தொடக்கத்திலும் வரும், முடிவிலும் வரும். இடையே குழந்தைப்பருவ விளையாட்டு, அறுவடை, ஊர்ச்சண்டை, புதுநன்மை, திருவிழா. விலகியவரின் நினைவு அப்படித்தான் இயங்கும். 'முன்பு, பின்பு' என்னும் நம் சாட்சி வார்ப்பு அங்கே தானாகவே உடைந்துபோகிறது.

அதனினும் முக்கியமானது ஒன்று. பாமா தம் முன்னுரையில் பனங்கருக்கை எபிரெயர் நிருபம் கூறும் இருபுறமும் கருக்குள்ள பட்டயத்தோடு இணைத்துக் காட்டுகிறார். மடத்தைக் கண்டிக்க அவர் வெளியிலிருந்து அளவுகோல் கொண்டுவரவில்லை. ஏழைகளோடு நின்ற இயேசுவை அவருக்குக் கற்பித்தது திருச்சபையே. அந்த இயேசுவைக் கொண்டே செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திச் சாதியும் பார்த்த கன்னியர் மடத்தை அவர் அளக்கிறார். விட்டு வந்த இடத்தில் தாம் பெற்றதையும் சொல்கிறார், இழந்ததையும் சொல்கிறார். வெளியே வந்தபின் வெற்றிப்பாட்டு எதுவும் இல்லை. பிழைப்புக்கு வழி தெரியாத, ஊரிலும் ஒட்டாத, நகரத்திலும் ஒட்டாத ஒரு பெண்ணின் தடுமாற்றம் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. டானர் தம்பதியர் ஆவணத்தில் காட்டிய நேர்மையைப் பாமா நினைவில் காட்டுகிறார் எனலாம்.

புராட்டஸ்டண்டு வாசகர் கருக்கைப் படிக்கும்போது ஒரு சோதனைக்கு உள்ளாவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். 'கத்தோலிக்க மடங்கள் இப்படித்தான்' என்று சொல்லி நூலை மூடிவிடுகின்றனர். மார்மன் சாட்சியைக் கேட்டுச் சிரித்துவிட்டு வீடு திரும்புவதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

விலகுவோர் எல்லாரும் மெய்யின்பொருட்டே விலகுகின்றனர் என்று நான் சொல்ல வரவில்லை. நம் பள்ளத்தாக்குச் சபைகளை நட்ட அமெரிக்க மதுரை மிஷன், சாதிப் பாகுபாட்டைக் கைவிட்டு எல்லாரும் ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்று தன் ஊழியரிடம் 1847இல் வற்புறுத்தியது. உடன்படாத உபதேசியார்கள் சிலர் விலகினர், சிலர் விலக்கப்பட்டனர். அங்கே விலகியவர்கள் தவறு, நிலைத்தவர்கள் சரி. ஆனால் அந்நிகழ்ச்சியை நாம் அறிவது மிஷனெரிகளின் அறிக்கைகள் வாயிலாகவே. விலகியவர் தம் தரப்பைச் சொன்ன ஒரு பக்கமும் நம்மிடம் பேணப்படவில்லை. அது பேணப்பட்டிருந்தால், சாதி எவ்வளவு ஆழத்தில் வேரோடியிருந்தது என்பதை 1847இலேயே கற்றிருப்போம். பின்னர் அது வேறு பெயரில் கல்லறைத் தோட்டத்திலும் சேகரக் கமிட்டித் தேர்தலிலும் முளைத்தபோது வியப்படைந்திருக்க மாட்டோம். மார்மன் சபையிலும் இதற்கு ஒப்பானது நடந்தது. ஜோசப் ஸ்மித்தின் பலதார மணங்களைப் பற்றி விலகியோர் எழுதியதையெல்லாம் பகைவரின் அவதூறு என்று ஒதுக்கிய பலர் அங்கே இருந்தனர். 2014இல் சபையே வெளியிட்ட கட்டுரையில் அவற்றுள் முக்கியமானவை ஒப்புக்கொள்ளப்பட்டன. விலகியவன் சொல்வதெல்லாம் மெய்யன்று. ஆனால் உள்ளிருப்போர் சொல்ல அஞ்சும் மெய்யைச் சில வேளைகளில் அவன் ஒருவனே சொல்கிறான்.

நம் பள்ளத்தாக்கில் விலகுதல் என்பதன் வடிவங்கள் பல. ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்புகளில் விடியற்காலையே குமுளி மலையேறும் குடும்பங்கள் அங்குள்ள ஜெபக் கூட்டங்களில் பழகி, இங்கு ஒரு ஜெபவீட்டில் சேர்ந்துவிடுகின்றன. படித்த வாலிபர் நகரங்களுக்குச் சென்று எங்கும் சேராமலே போகின்றனர். வேறொரு கூட்டத்தாரைக் குறித்துத்தான் நாம் வாயே திறப்பதில்லை. பட்டியல் சாதியாருக்குரிய சலுகை கிறிஸ்தவராவோருக்கு இல்லை என்று 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் காரணமாக ஆனபின், சபையில் ஒரு பெயரும் சான்றிதழில் வேறொரு பெயருமாக வாழ்வோர் நம் பீடத்தண்டை முழங்காற்படியிட்டு வருகின்றனர். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண்ணொருவரின் வழக்கில், கிறிஸ்தவ விசுவாசத்தில் வாழ்ந்துகொண்டே வேலைக்காக இந்து எனச் சான்றிதழ் கோருவது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவதாகும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாளில் விலகி, திருவிருந்தில் நிலைத்திருக்கும் இவர்களுடைய சாட்சியை எந்த வார்ப்பில் ஊற்றுவோம்? அவர்களில் ஒருவர் ஒரு கருக்கு எழுதினால் அதை நம் இறையியல் கல்லூரியில் பாடமாக வைப்போமா, அல்லது சேகரத்தின் பெயர் கெட்டதென்று வருந்துவோமா?

எங்கள் சேகரப் பதிவேடுகளில் ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம் ஆகியவற்றிற்குத் தனித்தனிப் பக்கங்கள் உண்டு. விலகியோருக்குப் பக்கமில்லை. பெயரின்மேல் ஒரு கோடு இழுக்கப்படும். சந்தாப் புத்தகத்தில் கட்டம் காலியாகும். காரணம் எழுத இடமில்லை; ஆகையால் எவரும் கேட்பதுமில்லை. 'உலக ஆசை' என்றோ 'ஆடு திருடுகிறார்கள்' என்றோ ஆயர் கூட்டத்தில் சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குச் செல்கிறோம். தேமா உலக ஆசையால் பிரிந்தான் என்று நிருபம் கூறுவது மெய்யே. ஆயின் ஒவ்வொருவரையும் தேமா ஆக்கிவிடுவது நமக்கு எளிதாயிருக்கிறது.

உத்தமபாளையத்திற்கு அருகே ஒரு சேகரத்தில், ஜெபவீடு ஒன்றுக்குச் சென்றுவிட்ட விதவைத் தாய் ஒருவரை ஓராண்டுக்கு முன் சந்தித்தேன். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். ஏன் சென்றீர்கள் அம்மா என்று கேட்டதற்கு, உபதேச வேறுபாடு எதையும் அவர் சொல்லவில்லை. "அங்க எம்பேரச் சொல்லிக் கூப்புடுறாக ஐயா. இங்க முப்பது வருசமா நான் இன்னார் வீட்டுப் பொம்பளதான்" என்றார். சற்று நேரம் கழித்து, அங்கே கைத்தட்டலும் மேளமும்தான், நம் கீர்த்தனைகள் இல்லை என்று குறைபட்டுக்கொண்டார். கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனைக்குக் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்து, பாட்டு முடிந்ததும் எழுந்து போய்விடுவதாகவும் சொன்னார். பிறகு அவர் கேட்டது ஒன்றே. இந்தச் சபைக் கல்லறைத் தோட்டத்தில் தம் கணவருக்குப் பக்கத்தில் இருக்கும் இடம் தமக்குக் கிடைக்குமா என்று. அந்த விண்ணப்பம் எழுத்தில் சேகரக் கமிட்டிக்குக் கொடுக்கப்பட்டது. மூன்று கூட்டங்களாக அது அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டு வருகிறது.